கிளாஸ் இல்லை என்று ஜாவா சொன்னால், எங்கே தேடியது என்று கேளுங்கள்

ஜாவாவில் எழுதிய வெப் சர்வீஸ் ஒன்றைப் புதிய சர்வரில் ஏற்றும்போது ஏதாவது ஒரு கிளாஸ், அதாவது நிரலின் ஒரு கட்டுமானத் துண்டு, கிடைக்கவில்லை என்று எரர் வருவது வழக்கம்தான். வந்தவுடன் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றே: அந்த கிளாஸின் பெயரை அப்படியே தேடுபொறியில் போடுவது, முதலில் வரும் பதிலில் சொன்ன ஜார் கோப்பை (கிளாஸ்களைக் கட்டிவைத்த பொதி) இறக்கி நூலகங்கள் இருக்கும் லிப் ஃபோல்டரில் போடுவது, மறுபடி ஓட்டுவது. அடுத்து வேறொரு கிளாஸ் இல்லை என்று வரும். அதற்கும் ஒரு ஜார். கொஞ்ச நேரத்தில் லிப் ஃபோல்டரில் ஒரே நூலகத்தின் மூன்று பதிப்புகள் உட்கார்ந்திருக்கும், எது எதற்காக வந்தது என்று யாருக்கும் தெரியாது.

இந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இதில் ரொம்பவே அக்கறை உண்டு. இங்கே சாங்கி பிசினஸ் பார்க்கிலும் அதைச் சுற்றிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் ஜாவாவில் வேலை செய்கிறார்கள், அவர்களில் பலருக்கு முதலில் கைக்கு வருவது புத்தம் புதிய வேலை இல்லை, யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன சோப் சர்வீஸை (எக்ஸ்எம்எல்லில் செய்தி பரிமாறும் பழைய பாணி வெப் சர்வீஸ்) புதிய ஜாவாவுக்கு மாற்றுகிற வேலை. சிங்கப்பூரில் அப்படிப் பழைய சர்வீஸ்கள் நிறைய உயிரோடு இருப்பதில் வியப்பில்லை. சரக்கு அனுமதிக்கான ஆவணங்களை மின்னணு வழியில் அனுப்பும் டிரேட்நெட் இங்கே 1989லேயே தொடங்கிவிட்டது, அதனால் கப்பல், சரக்கு, வங்கி என்று எந்தத் துறையைத் தொட்டாலும் கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வது இந்த ஊருக்குப் பழைய சங்கதி. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை யாரும் தேவையில்லாமல் தொடமாட்டார்கள். ஜாவா 8க்கு ஆதரவு முடியப் போகிறது, பாதுகாப்புத் தணிக்கையில் கேள்வி வருகிறது என்ற நிலை வந்தால்தான் தொடுவார்கள்.

எங்கள் குழுவுக்குத் திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவர் அப்படி ஒரு சர்வீஸை ஜாவா 8லிருந்து 17க்குக் கொண்டுபோகும்போது என்னிடம் வந்து, "அக்கா, ஜாக்ஸ்பி எக்ஸெப்ஷன் கிளாஸ் இல்லன்னு சொல்லுது, இந்த ஜாரை லிப்ல போட்டுடவா?" என்று கேட்டார். ஜாக்ஸ்பி என்பது எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றும் நூலகம். "அதை யாரு தேடுறா, எங்க தேடுறான்னு முதல்ல சொல்லுங்க, அப்புறம் போடலாம்" என்றேன். அன்று அவருக்கு உட்கார்ந்து சொன்னதைத்தான் விரித்து எழுதுகிறேன்.

முதலில் எரரைப் படிக்க வேண்டும், முழுதாக. ஜாவாவில் கிளாஸ் கிடைக்காததற்கு இரண்டு வேறு எரர்கள் உண்டு, இரண்டையும் ஒன்று என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம். கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்ஸெப்ஷன் என்பது, நிரல் ஓடும்போது யாரோ ஒரு கிளாஸின் பெயரை எழுத்துச் சரமாகக் கொடுத்து இதை ஏற்று என்று கேட்டார்கள், அது கிடைக்கவில்லை என்பது. பெரும்பாலும் ஒரு கான்ஃபிக் கோப்பிலோ எக்ஸ்எம்எல்லிலோ எழுதிய பெயர். நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர் வேறு. கம்பைல் ஆகும்போது அந்த கிளாஸ் இருந்தது, அதை நம்பித்தான் இன்னொரு கிளாஸ் கட்டப்பட்டது, ஓடும்போது காணவில்லை. முதலாவது எக்ஸெப்ஷன் வகை, இரண்டாவது எரர் வகை. அதனால் எக்ஸெப்ஷனை மட்டும் பிடிக்கிற கேட்ச் வரிகளில் இரண்டாவது மாட்டாது, திரெட்டையே (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை இழையை) சாகடித்துவிட்டு லாகில் ஒரு வரிகூட இல்லாமல் போகலாம். ஒரு சின்ன அடையாளம்: முதல் எரரில் பெயரின் பகுதிகளுக்கு நடுவே புள்ளி இருக்கும், இரண்டாவதில் பெரும்பாலும் சாய்கோடு இருக்கும், ஏனென்றால் அது கிளாஸ் கோப்புக்குள் பெயர் எழுதப்பட்டிருக்கும் வடிவம்.

இரண்டாவது எரருக்குள் இன்னொரு ஆள் ஒளிந்திருக்கிறார். அதே நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்தான், ஆனால் செய்தியில் "இந்த கிளாஸைத் தொடங்கிவைக்க முடியவில்லை" என்ற பொருளில் குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ் என்று இருக்கும். இங்கே கிளாஸ் இருக்கிறது, ஜாரும் சரியாக இருக்கிறது. அதன் ஸ்டேட்டிக் பகுதி முதன்முறை ஓடியபோது உடைந்துவிட்டது, ஒரு சான்றிதழ்க் கோப்பு இல்லாமல் இருக்கலாம், ஒரு செட்டிங் காலியாக இருக்கலாம். அந்த முதல் முறை எக்ஸெப்ஷன் இன் இனிஷியலைஸர் எரர் என்று உண்மைக் காரணத்தோடு ஒரே ஒரு தடவை லாகில் விழும். அதன் பிறகு அந்த கிளாஸைத் தொடும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் வெறும் "தொடங்கிவைக்க முடியவில்லை" மட்டும்தான். சர்வர் சனிக்கிழமை இரவு ஏறியது, நீங்கள் திங்கள்கிழமை காலை லாகைத் திறக்கிறீர்கள், லாக் நள்ளிரவில் புதுக் கோப்புக்கு மாறியிருக்கிறது என்றால் உண்மைக் காரணம் முந்தைய கோப்பில் கிடக்கும். இன்றைய லாகைப் பார்த்துவிட்டு ஜார் தேடி அலைந்து பலனே இல்லை. புதிய ஜாவாக்களில் அந்த முதல் காரணத்தையும் பின்னால் வரும் எரரோடு சேர்த்தே காட்டுகிறார்கள், ஆனால் நாம் போராடுவதெல்லாம் பழைய ஜாவாக்களோடுதானே.

சரி, தம்பியின் கதைக்கு வருவோம். எந்தெந்த நூலகம் வேண்டும் என்று மேவன் என்ற பில்டு கருவிக்குச் சொல்லும் பாம் கோப்பில் அவர் ஜாக்ஸ்பி பற்றி ஒரு வரிகூட வைத்திருக்கவில்லை. பிறகு ஜாவா 8ல் எப்படி ஓடியது? எழுதியவர்களுக்கு அப்போது அது தேவைப்படவே இல்லை, ஜாவாவுக்குள்ளேயே இருந்தது. 2006 டிசம்பரில் வந்த ஜாவா 6 முதல் எக்ஸ்எம்எல்லை ஆப்ஜெக்டாக மாற்றும் ஜாக்ஸ்பியும் சோப் சர்வீஸ் எழுத உதவும் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸும் ஜாவாவோடு சேர்ந்தே வந்தன. 2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9ல் இவற்றை நீக்கப் போகிறோம் என்று அறிவித்து, தானாக ஏறாதபடி ஒதுக்கி வைத்தார்கள், வேண்டும் என்றால் ஓட்டும் கட்டளையில் ஆட் மாட்யூல்ஸ் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11ல் ஜெப் 320 என்ற திட்டத்தின்படி முழுதாக எடுத்தே விட்டார்கள். கூடவே ஆக்டிவேஷன், போஸ்ட் கன்ஸ்ட்ரக்ட் போன்ற பொது அனோடேஷன்கள் (கோடில் ஒட்டும் குறிப்புகள்), கோர்பா எல்லாம் போயின. சர்வீஸின் விவரக் கோப்பான டபிள்யூஎஸ்டிஎல்லிலிருந்து கிளாஸ் உருவாக்கித் தரும் டபிள்யூஎஸ்-இம்போர்ட் என்ற கருவியும் போனது. இதில் ஒரு சங்கடம், 9க்காக யாரோ ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டில் சேர்த்த அந்த ஆட் மாட்யூல்ஸ் வரி 11ல் அப்படியே இருந்தால் ஜாவா கிளம்பவே கிளம்பாது, அந்த மாட்யூலே இல்லை என்று நின்றுவிடும்.

ஆக, காணாமல் போனது எங்கோ தொலைந்த ஜார் இல்லை. முன்பு வீட்டோடு வந்தது, இப்போது தனியாக வாங்கிவர வேண்டும். இது தெரிந்துவிட்டால் என்ன சேர்ப்பது என்பது ஊகமாக இருக்காது: ஏபிஐ ஒன்று, அதை உண்மையில் செய்துகாட்டும் ரன்டைம் ஒன்று. ஏபிஐயை மட்டும் சேர்த்துவிட்டு நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். அது கம்பைல் ஆகிவிடும், ஓடும்போது ஜாக்ஸ்பிக்கான செயலாக்கம் கிடைக்கவில்லை என்று விழும்.

அடுத்துத்தான் பெரிய பள்ளம். ஆரக்கிள் 2017ல், பெரிய நிறுவன மென்பொருளுக்கான ஜாவா இஇ என்ற தொகுப்பை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. பெயர் ஜகார்த்தா இஇ என்று மாறியது. ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்களைப் புதியவர்கள் மாற்றி வளர்க்க உரிமை கிடைக்கவில்லை, அதனால் 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9ல் அத்தனை பேக்கேஜும் ஜகார்த்தா என்று தொடங்கும்படி ஒரே அடியாக மாறின. ஜாவா வெப் சர்வரான டாம்கேட்டில் 9 வரை பழைய பெயர், 10லிருந்து புதிய பெயர். ஜாவா சர்வீஸ் எழுத உதவும் ஸ்பிரிங் பூட்டில் 2 பழையது, 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3 புதியது. பிளாக் எண்ணை மட்டும் சொல்லி டாக்சியில் ஏறினால் அதே எண் பிடோக்கிலும் இருக்கும், தெம்பனிசிலும் இருக்கும், ஜூரோங்கிலும் இருக்கும். கிளாஸ் பெயரும் அப்படித்தான், சர்வ்லெட் என்ற பெயர் இரண்டு பக்கமும் ஒன்றே, முன்னால் இருக்கும் பேக்கேஜ் வேறு, ஜாவாவுக்கு அவை இரண்டும் சம்பந்தமே இல்லாத இரண்டு கிளாஸ்கள். அதனால் எரரில் கடைசிச் சொல்லைப் பார்த்துவிட்டு "இது லிப்ல இருக்கே" என்று சொல்லாதீர்கள். முதல் சொல்லைப் பாருங்கள்.

தம்பி விழுந்த இடம் இதற்கும் நடுவில் இருக்கிறது, இதை யாராவது எச்சரிக்காவிட்டால் எவரும் விழுவார்கள். ஜகார்த்தா எக்ஸ்எம்எல் பைண்ட் ஏபிஐ என்ற ஜாரின் 2.3 வரிசைப் பதிப்புகளில் ஜாரின் பெயர்தான் ஜகார்த்தா, உள்ளே இருக்கும் பேக்கேஜ் பழைய ஜாவாஎக்ஸ். அதே ஜாரின் 3ஆம் பதிப்பில்தான் உள்ளேயும் ஜகார்த்தா. பெயரை நம்பி 2.3ஐ ஸ்பிரிங் பூட் 3ன் கீழே வைத்தாலும் தப்பு, 3ஐ வைத்துவிட்டு பழைய ஜாவாஎக்ஸ் கிளாஸைத் தேடினாலும் தப்பு. ஜார் என்பது ஒரு ஜிப் கோப்புதான், திறந்து பாருங்கள். ஜார் டிஎஃப் என்று ஒரு கட்டளை, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் வந்துவிடும். 2021 டிசம்பரில் லாக் எழுதும் நூலகமான லாக்4ஜேயில் பாதுகாப்புப் பிரச்சினை வெடித்தபோது, உடனே பதிப்பை மாற்ற முடியாதவர்கள் அந்த ஜாருக்குள்ளிருந்து ஜேஎன்டிஐ லுக்கப் என்ற ஒரே ஒரு கிளாஸை நீக்கித்தான் தாக்குப்பிடித்தார்கள். அன்று ஜாரைத் திறக்கக் கற்றுக்கொண்டவர்கள் இன்று திறக்கத் தயங்குவது எனக்குப் புரியவில்லை.

மூலக் கோடு இல்லாத பழைய வார் கோப்பு (சர்வரில் ஏற்றும் ஆப் பொதி) என்றால் டாம்கேட் 10ல் அதற்கென்றே வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ என்று ஒரு ஃபோல்டர் வைக்கலாம், அதில் போட்டால் பெயர்களைத் தானே மாற்றி ஏற்றிக்கொள்ளும். இடைக்கால ஏற்பாடாக நல்லது. ஆனால் உங்கள் கான்ஃபிக்கில் எழுதிய எல்லாப் பெயரும் அதில் சரியாகிவிடும் என்று எண்ணி நிம்மதியாக இருக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள்.

பெயர் சரி, ஜார் இருக்கிறது, ஆனாலும் கிடைக்கவில்லை என்றால்? அப்போதுதான் யார் தேடுகிறார்கள் என்ற கேள்வி. டாம்கேட்டில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி கிளாஸ் லோடர், அதாவது கிளாஸ்களைத் தேடி ஏற்றும் பகுதி. அது முதலில் ஜாவாவின் அடிப்படை கிளாஸ்களைப் பார்க்கும், அப்புறம் வெப்-இன்ஃப் கிளாஸஸ், அப்புறம் வெப்-இன்ஃப் லிப், கடைசியாக டாம்கேட்டின் பொது லிப். ஆப்பில் இருப்பவர் பொது லிப்பில் இருப்பதைப் பார்க்கலாம். பொது லிப்பில் இருப்பவருக்கு ஆப்புக்குள் இருப்பது தெரியாது. டேட்டாபேஸ் டிரைவரையோ லாகிங் ஜாரையோ "எல்லா ஆப்புக்கும் பொதுவா இருக்கட்டும்" என்று மேலே தூக்கி வைக்கிறார்கள், அதைச் சார்ந்த இன்னொரு ஜார் ஆப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது, மேலே இருப்பது கீழே இருப்பதைத் தேடி இல்லை என்கிறது. டெவலப்பர் வெப்-இன்ஃப் லிப்பைத் திறந்து "இதோ இருக்கு பாருங்க" என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை.

மேவனில் பிராவைடட் என்று குறித்ததும் இதே கதை: இது கம்பைலுக்கு மட்டும், ஓடும்போது சர்வர் தரும் என்று சொல்கிறோம். முன்பு பெரிய அப்ளிகேஷன் சர்வரில் ஓடியது தந்தது, இப்போது வெறும் டாம்கேட்டில் ஏற்றினால் தராது. அதோடு ஒரே நூலகத்தை இரண்டு பேர் இரண்டு பதிப்பில் கேட்டால் மேவன் புதியதை எடுக்காது, மரத்தில் அருகில் இருப்பதை எடுக்கும். டிபெண்டென்சி ட்ரீ என்ற கட்டளையை ஓட்டிப் பார்த்தால் எது எதை இழுத்து வந்தது என்று தெரிந்துவிடும்.

இங்கே இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. சிங்கப்பூரில் அரசு அலுவலகக் கம்ப்யூட்டர்களை இணையத்திலிருந்து பிரித்து வைக்கும் ஏற்பாடு 2017லேயே நடைமுறைக்கு வந்தது, வெளி இணையம் எட்டாத சர்வர்கள் தனியாரிலும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் பில்டு நடக்கும்போது ஜார்கள் உள் நெக்ஸஸ் களஞ்சியத்திலிருந்துதான் வர வேண்டும். அதிலும் இல்லாததை யாராவது அனுமதி வாங்கி உள்ளே கொண்டுவர வேண்டும். நான் முன்பு இருந்த ஓரிடத்தில் கேட்ட ஒரே ஒரு ஜாரை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதன் பாம் கோப்பு வரவில்லை, அதனால் அந்த ஜார் தனக்கு வேண்டிய மற்றவற்றை மேவனிடம் கேட்கவே வழியில்லை. பில்டு பச்சையாக முடிந்தது, ஓடும்போது ஒன்றன்பின் ஒன்றாக கிளாஸ் இல்லை என்று வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி. இந்த மாதிரி இடத்தில் இருப்பவர்கள் வெளியில் இணையம் உள்ள கம்ப்யூட்டரில் டிபெண்டென்சிகளை முழுதாக ஒரு காலி ரெப்போவுக்கு இறக்கி, அந்தப் பட்டியல் மொத்தத்துக்கும் ஒரே தடவையில் அனுமதி கேளுங்கள்.

எரரே வராமல் காணாமல் போகிற வகை ஒன்று உண்டு, எனக்கு அதிகம் பயம் அதில்தான். ஒரு அனோடேஷனின் கிளாஸ் ஓடும்போது கிடைக்காவிட்டால் ஜாவா கத்தாது, அந்த அனோடேஷனே இல்லாதது போல நடந்துகொள்ளும். பழைய ஜார் ஒன்றில், தொடக்கத்தில் தானே ஓட வேண்டும் என்று ஜாவாஎக்ஸ் போஸ்ட் கன்ஸ்ட்ரக்ட் போட்டு எழுதிய மெத்தட் இருக்கிறது என்று வையுங்கள். ஜாவா 17ல் அந்த அனோடேஷன் ஜாரும் இல்லை என்றால் அந்த மெத்தட் அழைக்கப்படாது, அவ்வளவுதான். சர்வர் எழும், லாக் சுத்தமாக இருக்கும், அந்த மெத்தட் ஏற்ற வேண்டிய நாணய மாற்று அட்டவணை காலியாக இருக்கும். ஜாவா 11ஐத் தாண்டும் எவரும் பழைய ஜார்களில் இந்த அனோடேஷன்கள் இருக்கின்றனவா என்று ஜேடெப்ஸ் கருவியை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஜாவாவோடு வரும் கருவிதான். சார்ந்திருக்கும் கிளாஸ் கிடைக்காவிட்டால் நாட் ஃபவுண்ட் என்று எழுதிக் காட்டும். பெயரைச் சரமாகக் கொடுத்து ஏற்றுகிறவற்றை அது பார்க்காது.

தம்பியின் சர்வீஸ் கடைசியாக ஒரு விசித்திரத்தில் வந்து நின்றது. அவருடைய லேப்டாப்பில் எல்லாம் சரி. சோதனை சர்வரில் சாதாரணக் கோரிக்கைகள் சரி. ஒரே சமயத்தில் பல சரக்கு விவரங்களைக் கேட்கும் கோரிக்கை மட்டும், ஜாக்ஸ்பிக்குச் செயலாக்கம் கிடைக்கவில்லை என்று விழுந்தது. ரன்டைம் ஜார் உள்ளேதான் இருக்கிறது, மற்ற கோரிக்கைகள் அதை வைத்துத்தான் ஓடுகின்றன. என்ன வித்தியாசம் என்றால் அந்த ஒரு இடத்தில் மட்டும் கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சர் வைத்து வேலையைப் பல திரெட்டுகளுக்குப் பிரித்திருந்தார்கள். தனி எக்ஸிக்யூட்டர் (திரெட்டுகளைத் தரும் பகுதி) கொடுக்காவிட்டால் அது ஃபோர்க் ஜாய்ன் பொதுக் குளத்தின் திரெட்டுகளில் ஓடும். ஜாவா 9லிருந்து அந்தத் திரெட்டுகளின் காண்டெக்ஸ்ட் கிளாஸ் லோடர் (திரெட்டோடு ஒட்டியிருக்கும் லோடர்), ஆப்பினுடையது இல்லை, சிஸ்டம் கிளாஸ் லோடர். ஸ்பிரிங் பூட் கட்டும் பெரிய ஜாரில் நம் நூலகங்கள் எல்லாம் பூட்-இன்ஃப் லிப் என்ற இடத்தில் ஜாருக்குள் ஜாராக இருக்கின்றன, அவற்றைத் திறக்கத் தெரிந்தது ஸ்பிரிங் பூட்டின் சொந்த லோடருக்கு மட்டும்தான். சிஸ்டம் லோடருக்கு அந்தப் பக்கமே தெரியாது. ஜாக்ஸ்பியோ தன் செயலாக்கத்தைக் காண்டெக்ஸ்ட் லோடர் வழியாகத் தேடுகிறது. லேப்டாப்பில் நிரல் எழுதும் கருவியான ஐடிஇ எல்லாவற்றையும் ஒரே தட்டையான கிளாஸ்பாத்தில் கொடுப்பதால் அங்கே இது தெரியவே வராது.

இதற்கு இணையத்தில் எத்தனை ஜார் தேடினாலும் விடை கிடைக்காது. அந்த எரரின் கடைசியில் காண்டெக்ஸ்ட் ஃபேக்டரி என்று ஒரு கிளாஸின் பெயர் வரும், அதைப் பிடித்துக்கொண்டு ஜாவாவின் உள் கிளாஸ்களைத் தேடிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது எதுவும் கிடைக்காதபோது கடைசி முயற்சியாகப் பார்க்கும் பெயர் மட்டுமே.

திரெட்டில் லோடரை மாற்றிவைத்துச் சரிசெய்யலாம், அல்லது நம் சொந்த எக்ஸிக்யூட்டர் கொடுக்கலாம். தம்பிக்கு நான் சொன்னது மூன்றாவது வழி. மாற்றத்துக்கு அடிப்படையான ஜாக்ஸ்பி காண்டெக்ஸ்ட் என்ற ஆப்ஜெக்டை ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக உருவாக்கிக்கொண்டிருந்தார்கள், அது செலவும் அதிகம். அதை ஆப் எழும்போதே, மெயின் திரெட்டிலேயே, ஒரே தடவை உருவாக்கி ஸ்பிரிங் பீனாக (ஆப் முழுவதும் பகிரும் ஆப்ஜெக்டாக) வைத்துவிடுங்கள் என்றேன். அப்போது சரியான லோடர் கையில் இருக்கும், தேடல் அங்கேயே முடிந்துவிடும், பிறகு எந்தத் திரெட் அதைப் பயன்படுத்தினாலும் தேட வேண்டியதில்லை. அதோடு ஏதாவது ஜார் உண்மையிலேயே இல்லை என்றால் சேஞ்ச் விண்டோவில் (மாற்றங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில்) நாம் எல்லோரும் விழித்திருக்கும்போதே சர்வர் எழாமல் நின்று சொல்லிவிடும், செவ்வாய்க்கிழமை மதியம் வாடிக்கையாளர் கோரிக்கை வரும்வரை காத்திருக்காது. பொதுவில் வைக்க வேண்டியது காண்டெக்ஸ்டை மட்டும். ஆப்ஜெக்டை எக்ஸ்எம்எல்லாக்கும் மார்ஷலர், அதைத் திருப்பி மாற்றும் அன்மார்ஷலர் இரண்டையும் பல திரெட்டுகள் பகிரக்கூடாது, அவற்றைக் கோரிக்கைக்கு ஒன்றாக அந்தக் காண்டெக்ஸ்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.